தொலைபேசி அட்டைக்குப் பாதி மானியம்

உங்களில் பலர் மானியம் பரிந்துரைக்கும் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பழக்கம் உங்களைப் பிடித்திருக்கும். விண்ணப்பம் மேசைக்கு வந்ததும், கேட்டிருக்கும் தொகையில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று குறைப்பீர்கள். குறைத்தால்தான் கவனமாகப் படித்தீர்கள் என்று அறங்காவலர்கள் நம்புவார்கள். கேட்டதை அப்படியே கொடுக்கலாம் என்று எழுதினால், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்று சந்தேகப்படுவார்கள். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் குறைத்துக்கொண்டிருந்தேன். கடல் கடந்து ஒரு மாமியார் என்னைத் தொலைபேசியில் விசாரிக்கும்வரை.

முதலில் நான் இருந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்னி நகரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை. ஒரு குடும்பம் விட்டுப்போன சொத்தின் வருமானத்தை நல்ல காரியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று படித்துப் பார்த்துப் பரிந்துரைப்பது என் வேலை. வீடு வென்ட்வேர்த்வில்லில். காலை ரயிலிலும் மாலை ரயிலிலும் மடியில் விண்ணப்பக் கட்டு இருக்கும். மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல நான் பிறருடைய கஷ்டங்களைப் படித்துக்கொண்டு போவேன். எனக்கு அது பிடித்திருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஊர்ப் புதினம், பிறர் வீட்டுச் செய்தி அறிவதில் எனக்கிருந்த ஆசைக்குச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

2011ஆம் ஆண்டு, சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தை நிறுத்தப் பாடுபடும் குழுக்களுக்குப் பணம் கொடுப்பது என்று அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த விஷயத்தைப் பேசும்போது எல்லோரும் மேசையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எத்தனை சிறுமிகளைக் காப்பாற்றினார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் போடுங்கள்” என்றார். போட்டேன்.

விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலானவை பளபளப்பானவை. சுவரொட்டி அடிப்பார்களாம், கருத்தரங்கு வைப்பார்களாம், மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களாம். எல்லாம் தேவைதான். ஆனால் ஒன்று மட்டும் கையால் எழுதப்பட்டு நாலே பக்கத்தில் வந்திருந்தது. பிளாக்டவுனில் கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள் என்றும், அதை நடத்துபவர் வெஸ்ட்மீட் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவர் என்றும் அதில் இருந்தது. அவர்களுடைய நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த நாட்டுக்காரர் ஒருவரை ரயிலில் பார்க்கும்போது உங்களுக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த அநியாயத்தை நான் செய்ய மாட்டேன். தாதியின் பெயரையும் எழுதவில்லை. தாதி என்றே வைத்துக்கொள்வோம்.

அவர்கள் கேட்டிருந்தது மண்டப வாடகை, தேநீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவற்றையெல்லாம்விடப் பெரிய தொகையாகக் கடைசியில் இன்னொன்று இருந்தது. வெளிநாட்டுக்குப் பேசும் தொலைபேசி அட்டைகள்.

என் மேலாளர் ஓர் ஆஸ்திரேலியப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்கு வெளிநாட்டுக்குப் பேச அட்டை வாங்கிப் பழக்கமே இல்லை. அதனாலேயே அவர் சரியான கேள்வியைக் கேட்டார்: “இந்த அட்டைகள் எதற்கு? அவர்களிடம் கேட்டுப் பார்த்தீர்களா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. “கேட்கவே தேவையில்லை,” என்றேன். “ஊரில் இருக்கும் சொந்தக்காரரோடு பேசுவதற்குத்தான். எங்கள் ஆட்களும் இதைத்தான் செய்வோம். பாவம், ஊர் நினைவு வரத்தானே செய்யும். கொஞ்சம் கொடுப்போம், முழுவதும் வேண்டாம்.”

நானும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். எங்கள் தெருக்கடையில் அட்டை வாங்கி, நாணயத்தால் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, மறுமுனையில் அம்மாவின் ‘ஹலோ’ கேட்பதற்குள் பாதி நிமிடம் போய்விட்டதே என்று பதறியவள். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். வெள்ளைக்காரிக்கு இது புரியாது, எனக்குப் புரியும் என்ற பெருமை வேறு. அட்டைத் தொகையைச் சரிபாதியாகக் குறைத்து, இரக்கம் காட்டிவிட்ட திருப்தியோடு கோப்பை மூடினேன். அறங்காவலர்கள் பாராட்டினார்கள்.

ஜூலையில் பணம் போனது. செப்டம்பர் கடைசியில் தாதி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகத்தில் நிற்பது எங்கள் ஊர்ப் பேச்சில்தான், அப்படியே எழுதுகிறேன்.

“நீங்கள் ஒருக்கா இஞ்ச வந்து பாக்க வேணும்.”

“ஏதும் பிரச்சினையோ?”

“ஓம். நேர வாங்கோ. ஃபோனில சொல்லுற விஷயமில்லை. எங்களுக்கு இப்ப ஃபோனே பிரச்சினை.”

அடுத்த சனிக்கிழமை பிளாக்டவுனுக்குப் போனேன். நூலகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கூடம். பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி. பக்கத்து அறையில் பிள்ளைகளின் கூச்சல். சுவரில் ஒரு சுவரொட்டிகூட இல்லை.

தாதி எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு விளக்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். தாதிகளுக்கே உரிய பொறுமை அவரிடம் இருந்தது, மருந்து கசக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் பொறுமை.

“இஞ்ச இருக்கிற தாய்மார் ஒருத்தருக்கும் அந்த விஷயத்தில விருப்பமில்லை,” என்றார். “அவையளுக்குச் சுவரொட்டி காட்டி என்ன பிரயோசனம்? முடிவெடுக்கிற ஆள் பிளாக்டவுனில இல்லையே. அங்க இருக்கிற மாமியார்தான் முடிவெடுக்கிறது. அவவோட கதைக்கிறதுதான் எங்கட வேலை.”

“ஃபோனிலையோ?”

“வேற எப்பிடி?”

முறை இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மாமியாரைக் கூப்பிடுவார்கள். மருமகள் தனியாகப் பேசுவதில்லை. கூடத்தில் உள்ள எல்லோரும் ஒவ்வொருவராக வணக்கம் சொல்வார்கள். யார் மகள், எந்த ஊர் என்று முறை சொல்லி அறிமுகம் நடக்கும். முழங்கால் வலி, மழை, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு. முதல் நாலைந்து அழைப்புகளில் அந்த விஷயத்தை யாரும் வாயிலேயே எடுக்கக் கூடாது. அவராகவே பேச்சைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு மாதம் ஆகும், ஒருவருக்கு ஆறு மாதம் ஆகும். அவர் தொடங்கியதும் எதிர்த்துப் பேசக் கூடாது. என்ன பயம் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.

எனக்குத் தேநீர் ஆறிவிட்டது. மானியத்தில் மற்றதெல்லாம் ஓரத்துச் செலவு. அட்டைதான் வேலை. நான் ஊர்நினைவு என்று ஒதுக்கி, பாதியாகக் குறைத்தது அவர்களுடைய வேலை முழுவதையும்.

“அப்ப என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

தாதி ஒரு பெண்ணைக் காட்டினார். சஹ்ரா என்று வைத்துக்கொள்வோம். மெலிந்தவர், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறு வயதில் ஒரே மகள். கணவர் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பமாக ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிள்ளை இன்னும் அப்பம்மாவைக் கண்டதில்லை. பிள்ளை வந்ததும் காரியத்தை முடித்துவிடலாம் என்று மாமியார் மகனிடம் சொல்லியிருந்தார். மகனுக்கு அதில் விருப்பமுமில்லை, தாயிடம் மாட்டேன் என்று சொல்லத் தைரியமுமில்லை.

இரண்டு மாதமாக அந்த மாமியாரோடு பேசியிருக்கிறார்கள். அட்டை போதாமல் பேச்சைச் சுருக்கிச் சுருக்கிப் பேசியிருக்கிறார்கள். கடைசிச் சனிக்கிழமை அவராகவே தொடங்கினார். தனக்கு எட்டு வயதில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். மகனுக்குக்கூட ஒருநாளும் சொல்லாத கதை. நடுவில் அவருக்குக் குரல் உடைந்தது. அந்த இடத்தில் அட்டை முடிந்து தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. இன்னோர் அட்டை கைவசம் இல்லை. வெளியே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்து கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை.

“எங்களுக்கு அட்டை முடிஞ்சுது,” என்றார் தாதி. “அவவுக்கு என்ன நடந்தது எண்டு யோசியுங்கோ. அவ அழத் தொடங்க மருமகள் ஃபோனை வைச்சிட்டாள். மகனுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறா, உன்ர மனுசி என்னை அவமானப்படுத்திப் போட்டாள், பிள்ளையைக் கொண்டு வா, நான் செய்யிறதைச் செய்யிறன் எண்டு.”

ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். முழுவதும் கொடுத்திருந்தால் பேசி முடித்திருப்பார்கள். நான் கொடுத்த பாதிதான் அந்தப் பெண்மணி அழும் நேரத்தில் அறுந்துபோனது. சஹ்ரா என்னை ஒரு தடவைகூடக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் சிரிப்பு உட்பட. அவர் திட்டவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தாயிற்றா என்பது. இந்த இடத்தை நீங்கள் இரண்டு தரம் வாசியுங்கள். இந்த நாட்டில் சிறுமிகளை அறுப்பது குற்றம். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சமூகத்தின் மனம் நோகுமே என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை. தாதி அதை முன்பே செய்திருந்தார், சஹ்ராவின் சம்மதத்தோடு. பிள்ளை புறப்படும் நாள் நெருங்கினால் பயணத்தைத் தடுக்க வழி இருந்தது.

“பிறகேன் இந்தப் பாடு?” என்று தாதியிடம் கேட்டேன்.

“இந்த வருசம் தடுப்பினம். சரி. அடுத்த வருசம்? அதுக்கடுத்த வருசம்? புருசன் மனுசியோட கோவிச்சுக்கொண்டு, சொல்லாமக் கொள்ளாமப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால்? அந்த மனுசி வேண்டாம் எண்டு சொன்னால்தான் இது உண்மையா நிக்கும்.”

ஆக, நவம்பர் கடைசிவரை மாமியாரோடு பேசிப் பார்ப்பது, முடியாவிட்டால் சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் மாமியார் ஃபோனை எடுக்கவே இல்லை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம். மகன் கெஞ்சிக் கேட்டபிறகு ஒரு நிபந்தனை வந்தது. மருமகளோடு பேச மாட்டாராம். ஃபோனை நிறுத்தியது அட்டைதான் என்ற கதையை நம்ப மாட்டாராம். மருமகளைத் தவிர வேறு யாராவது அதை நிறுத்தியிருந்தால் அந்த ஆள் வந்து பேசட்டுமாம்.

தாதி என்னிடம் இதைச் சொல்லிவிட்டு நின்றார். மருந்து கசக்கும் என்று சொல்லிவிட்டு நிற்பது போலத்தான்.

“அது நான்தான்,” என்றேன். “நான் கதைக்கிறன்.”

மானியம் கொடுக்கும் ஆள் மானியம் பெறும் குழுவின் வேலைக்குள் தலையிடக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. உங்களுக்கும் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல விதிதான். ஆனால் நான் ஏற்கெனவே பாதித் தொகையைக் குறைத்துத் தலையிட்டுவிட்டேன், தலையிடுகிறேன் என்று தெரியாமலே. மேலாளரிடம் கேட்டேன். அவர், “மன்னிப்புக் கேட்பதற்கு அனுமதி தேவையில்லை. வேறு எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள்” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை வென்ட்வேர்த்வில் நிலையத்தடியில் எனக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, இடையில நிக்காத ஃபோன் காட் ஒண்டு வேணும். நல்லா நேரம் கதைக்க வேணும்.”

“கொழும்புக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ?”

“ஆப்பிரிக்காவுக்கு.”

அவர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அங்கையும் உங்கட ஆக்கள் இருக்கினமோ?”

“இப்பதான் ஆக்களாகப் போறம்,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் மூன்று அட்டைகளை எடுத்து, எது சொன்ன நிமிடத்தைக் கொடுக்கும், எது ஏமாற்றும் என்று கால்மணி நேரம் வகுப்பு எடுத்தார். இதை ஜூலையில் நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கூடத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றிக் காத்திருந்தார்கள். சஹ்ராவின் கணவர் வெளியே காரில் இருந்தார். உள்ளே வர அவருக்குக் கூச்சம். தாதி எண்களை அழுத்தினார். ஒருமுறை, இரண்டுமுறை மணி அடித்தது. எடுத்தார்கள். தாதி என் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். கிழவியின் குரல் என்று நான் எதிர்பார்த்தது நடுங்கும் குரலை. வந்தது சந்தையில் விலை பேசும் குரல்.

“நீயோ ஃபோனை நிப்பாட்டினது?”

“ஓம். நான்தான். நான் காசு குறைச்சுக் குடுத்ததாலதான் அண்டைக்கு ஃபோன் நிண்டது. உங்கட மருமகள் வைக்கேல்லை. அவ அண்டைக்கு இஞ்ச இருந்து அழுதவவாம். பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“ஏன் குறைச்சனி?”

இதற்கு அலுவலக மொழியில் ஒரு பதில் இருந்தது. அது எந்த மொழியிலும் மொழிபெயர்க்க முடியாத பதில். “நீங்கள் சும்மா கதைக்கிறியள் எண்டு நினைச்சிட்டன்,” என்றேன்.

பிறகு அவர் என்னை விசாரிக்கத் தொடங்கினார். எந்த நாடு, என்ன சாமி, கணவர் உயிரோடு இருக்கிறாரா, எத்தனை பிள்ளை. ஒரு மகள் என்றேன்.

“மகளுக்குச் செய்து முடிச்சதோ?”

எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“இல்லை. எங்கட சனத்தில அந்த வழக்கம் இல்லை.”

“மகளுக்கு என்ன வயசு?”

“முப்பத்தொண்டு.”

“எத்தினை பேரப்பிள்ளையள்?”

என் மகள் மெல்பேர்னில் கட்டடப் பொறியியலாளர். கல்யாணம் ஆகவில்லை. அந்த நாட்களில் எனக்கு வீட்டில் இருந்த ஒரே கவலை அதுதான். கோயிலுக்குப் போனால், “இன்னும் ஒண்டும் சரி வரேல்லையோ, அன்ரி?” என்று யாராவது கேட்பார்களே என்று வாகனத் தரிப்பிடத்தின் பின்வழியாகப் போய்வந்தவள் நான். இந்த மாமியாரின் பயம் முழுவதும் ஒன்றுதான் என்று தாதி சொல்லியிருந்தார்: அறுக்காத பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள். அந்தப் பயத்துக்கு நான் கொடுக்கப்போகும் பதில், அறுக்காத என் மகளை முப்பத்தொரு வயதிலும் யாரும் கட்டவில்லை என்பது.

எதிரே இருந்த பெண் ஒருத்தி எனக்கு இரண்டு விரல்களைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள் மூன்று என்று காட்டினாள். எனக்குப் பேரப்பிள்ளைகளை அள்ளித் தருவதற்கு அந்தக் கூடமே தயாராக இருந்தது. நான் தாதியைப் பார்த்தேன். அவர், “நீங்கள் சொல்லுறதை நான் சொல்லுவன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த அரை நிமிடத்தைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உண்மைதான் வெல்லும் என்ற பெரிய நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பு பணயத்தில் இருக்கும்போது ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்றுதான் மனம் சொன்னது. ஆனால் மன்னிப்புக் கேட்டு இரண்டு நிமிடம்கூட ஆகாத வாயில் பொய் வர மறுத்தது. அவ்வளவுதான். அதைத் துணிச்சல் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

“பேரப்பிள்ளை இல்லை,” என்றேன். “மகள் கலியாணம் கட்டேல்லை.”

தாதி மொழிபெயர்த்தார். இரண்டு விரல் காட்டிய பெண் தலையில் கை வைத்தாள். சஹ்ரா கண்களை மூடிக்கொண்டார்.

“ஏன்?” என்று கேட்டது குரல். “ஒருத்தரும் கேட்டு வரேல்லையோ?”

எனக்குக் கோபம் வந்தது. கேட்பவர் யார், ஏன் கேட்கிறார் என்பதையெல்லாம் மறந்து, தாய்க்கு வரும் கோபம் வந்துவிட்டது. “ஏன் வராமல்? நாலு பேர் வந்தவை! நல்ல குடும்பங்கள். ஒருத்தன் டொக்டர். இவள்தான் ஒருத்தனும் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பினவள். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?”

தாதி ஒரு சொல்கூட விடாமல் சொன்னார், கோபத்தையும் சேர்த்து.

மறுமுனையில் சத்தமே இல்லை. அட்டை முடிந்துவிட்டதோ என்று என் கை தானாகவே பைக்குள் இருந்த அடுத்த அட்டையைத் தேடியது. அப்போது அவர் பேசினார், மெதுவாக. தாதியும் மெதுவாகத்தான் சொன்னார்.

“நாலு பேர் கேட்டு வந்தவையோ? செய்யாத பிள்ளையை?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டோ?”

“எங்கட ஆக்களுக்கு அப்பிடியொண்டு இருக்கெண்டே தெரியாது. ஒருத்தரும் அதைக் கேக்கிறதில்லை.”

“டொக்டரும்?”

“டொக்டரும்.”

அவர் சிரித்தார். இருமலோடு கலந்த பெரிய சிரிப்பு. பிறகு, “உன்ர மகள் விசரி, பைத்தியக்காரி,” என்றார். நான் ஓம் என்றேன். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடம் என் வீட்டு வெட்கமாக நான் மறைத்து வைத்திருந்த விஷயம் அந்த மேசையின்மேல் வேறு யாருக்கோ நல்ல செய்தியாகக் கிடந்தது. நான் ஒரு பேரப்பிள்ளையைக் கற்பனையாகச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த நாலு பேரைப் பற்றித் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு என்னோடு அவருக்கு வேலை இல்லை. மருமகளைக் கேட்டார். சஹ்ரா மேசைக்கு வந்தார். அன்று பாதியில் நின்ற கதையை மாமியார் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார். தாதி எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓர் அட்டை முடிய இருந்தபோது முன்கூட்டியே சொல்லி, உடனே அடுத்ததைப் போட்டார்கள். என் வாழ்நாளில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அலைந்த நான் தெரியாமல் விட்ட கதை அது ஒன்றுதான்.

கடைசியில் மகனைக் கூப்பிடச் சொன்னார். ஒருத்தி ஓடிப்போய்க் காரிலிருந்து அழைத்து வந்தாள். நெடிய மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் குரலுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைபோல நின்றார். அவர் பேசவே இல்லை. தாய்தான் பேசினார். தாதி என் காதில் சொன்னார்.

“பிள்ளையை இந்தமுறை கொண்டு வராதே எண்டு சொல்லுறா.”

“அப்ப விட்டிட்டாவோ?”

“பொறுங்கோ.” தாதி கேட்டுவிட்டுச் சொன்னார். “பிள்ளை வந்தால் தன்ர அக்காமார் வருவினமாம், அயல் வருமாம். எப்ப செய்யிறது எண்டு அவையள் கேட்டால், அவையளுக்கு முன்னால வேண்டாம் எண்டு சொல்லத் தனக்கு வாய் வராதாம். பிள்ளையைக் காணாட்டில் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லையாம். நீ மட்டும் வா, அவள் அங்கையே இருக்கட்டும் எண்டு சொல்லுறா. எத்தினை வருசம் எண்டாலும் இருக்கட்டுமாம்.”

அறங்காவலர் கேட்ட கட்டத்தில் எழுத எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. கைதட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. சஹ்ராவும் கணவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அழுதார்கள். அந்தக் கிழவி தன் ஒரே பேத்தியைக் காப்பாற்றுவதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பிள்ளையைத் தான் பார்க்காமலே இருந்துவிடுவது. இந்த விலையை நம்முடைய எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்டால் எப்படி எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து பிள்ளை ஓடி வந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டு இல்லை. தாய் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். பிள்ளைக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அவள் தரையில் காலை உதைத்தாள். அப்பம்மா வீட்டில் குட்டி போட்ட ஆடு இருக்கிறதாம், வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம், அப்பா மட்டும் போகலாம், தான் மட்டும் போகக் கூடாதா? “இட்ஸ் நொட் ஃபெயார்!” என்று கத்தினாள். தாய் தூக்கப் போனார். கையைத் தட்டிவிட்டாள். தகப்பனிடமும் போகவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, தன்னைப்போல் வஞ்சிக்கப்பட்டவள் உலகத்தில் யாருமே இல்லை என்பதுபோல, வாயைப் பிளந்து அழுதாள்.

பெண்கள் யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கதிரைகளை அவளைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஏன் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அவள் வளர்ந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நாம் எல்லோரும் இந்த வேலையைச் செய்கிறோம். ஆட்டுக்குட்டிக்காக அவள் அன்று அழுத அழுகையைவிட நல்ல சத்தம் ஒன்றை நான் என் பணிக்காலத்தில் கேட்டதில்லை.